சாம்பிளுக்கு வந்த ஃபுட்ரெஸ்ட்

அந்த ஃபுட்ரெஸ்ட்டைப் பனியன் வேஸ்ட் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். துணியைப் பிரித்தபோது பாதி துரு, பாதி காய்ந்த சேறு. என் மேஜையில் கிடந்த பேப்பர்களை ஓரமாக ஒதுக்கி அதை வைத்தவர் வெள்ளைச் சட்டை போட்ட, மெதுவாகப் பேசுகிற மனிதர்.

“ஏனுங்க அம்மணி, இதே மாதிரி வேணுங்க. அச்சு அசலா.”

நான் வேலை செய்வது கோயம்புத்தூரில், கணபதி பக்கம் ஒரு மாடியில் இருக்கும் டிராயிங் ஆபீஸில். நான்கு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், அளவெடுக்கும் கருவிகள் வைத்த ஒரு கண்ணாடி அலமாரி. யாராவது ஒரு பாகத்தைக் கொண்டுவருவார்கள். நாங்கள் அதை அளந்து, ஸ்கேன் செய்து, அதைத் திரும்பச் செய்வதற்கான வரைபடம் கொடுப்போம். எண்ணெய் ஆட்டும் மெஷினின் பல்சக்கரம், டீ ஃபேக்டரியிலிருந்து ஒரு இரும்புக் கை, மூடிப்போன கம்பெனியின் பம்புக்கு ஒரு மூடி. இந்த ஊரில் இந்த வேலைக்கு முதல் கேள்வி “சாம்பிள் இருக்குதுங்களா?” என்பதுதான். இருந்தால் போதும். அதை முதலில் செய்தவர் ஏன் அப்படிச் செய்தார் என்று யாரும் கேட்பதில்லை. இரண்டாவது வார்த்தை “ஊத்திரலாங்க.” தெருவுக்குத் தெரு ஃபவுண்டரி இருப்பதால், எதைப் பார்த்தாலும் உருக்கி வார்த்துவிடலாம் என்றே எங்களுக்கு யோசனை போகும்.

மண் பாதையில் ஓட்டுகிற மோட்டார் சைக்கிளில் கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட் சாதாரண வண்டியுடையதைப் போல ரப்பர் போட்டு இருக்காது. சேற்றில் ஷூ வழுக்காமல் இருக்க மேல்பக்கம் பற்கள் இருக்கும். மேடு பள்ளத்தில் ஓட்டுபவர் சீட்டில் உட்காரமாட்டார். இரண்டு ஃபுட்ரெஸ்ட் மேலும் எழுந்து நிற்பார். வண்டி மேட்டிலிருந்து பறந்து இறங்கும்போது அவருடைய மொத்த எடையும், அதற்கு மேலும், அந்த இரண்டு துண்டு இரும்பின்மேல்தான் விழும்.

அது எந்த வண்டியுடையது என்று அவர் சொல்லும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ஓரத்தில் பாதி தேய்ந்த எழுத்துகள் இருந்தன. அதே பெயர் எங்கள் வீட்டில் ஒரு பெட்ரோல் டேங்கின்மேல் இருந்தது.

அந்த வண்டி என் அண்ணனுடையது. அண்ணன் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். எங்கள் வீடு அவிநாசிக்கு வெளியே; வேலைக்காகக் கோயம்புத்தூரில் தங்கும் நான் சனிக்கிழமைதான் போவேன். மேட்டுப்பாளையம் மண்டியில் காய்கறி ஏற்றித் திருப்பூருக்குக் கொண்டுபோகும் ஒரு மினி லாரி அவருக்குச் சொந்தம், அவரே ஓட்டினார். ஒருமுறை மலைமேல் ஒரு எஸ்டேட்டுக்குப் போனவர், உரமூட்டைகளுக்குப் பின்னால் எலி கடித்த சீட்டோடு அந்த வண்டி சாய்ந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அதன் படத்தை நோட்டு அட்டையில் ஒட்டி வைத்திருந்தவர் அவர். கேரட் மூட்டைகளுக்கு நடுவே கட்டி மலையிறக்கிக் கொண்டுவந்தார்.

அதைச் சரிசெய்ய அவருக்கு மூன்று வருடம் ஆனது. என் பங்கு, பட்டியல் போடுவது. என்னென்ன இல்லை, எது இருந்தும் உதவாது, எது எங்கே கிடைக்கலாம் என்று மூன்று பத்தி வரைந்து எழுதினேன். மொத்தம் முப்பத்தொரு பாகங்கள். ஒவ்வொன்றாகக் கிடைக்கக் கிடைக்க அண்ணன் போன் செய்வார். நான் டிக் போடுவேன். அவருக்கு ஒரே ஒரு விதி.

“டூப்ளிகேட் ஒண்ணுகூட ஏறக்கூடாது அம்மணி. கெடைக்காட்டி அந்த எடம் காலியா இருந்துட்டுப் போகட்டும்.”

அந்தக் கம்பெனி வெளிநாட்டில் இருந்தது. நான் பிறப்பதற்கு முன்பே மூடிவிட்டார்கள். கம்பெனி போன பிறகும் அதன் பெயர் மட்டும் தனியாகக் கைமாறிக்கொண்டே இருக்கும் என்பது எனக்கு அண்ணன் சொல்லித்தான் தெரியும். அந்தப் பெயர் ஒட்டிய எதையாவது இணையத்தில் பார்த்தால் எனக்கு அனுப்புவார். டி-சர்ட், சாவிக்கொத்து, தண்ணீர் பாட்டில், குழந்தைகள் ஓட்டும் பேட்டரி வண்டி, எங்கோ பெயரில்லாமல் தயாராகி வந்து பெட்டிமேல் மட்டும் இந்தப் பெயர் ஒட்டிய மட்டமான மண்பாதை வண்டி. அதோடு ஒரு வரி எழுதுவார்: “பொணத்துக்குச் சட்ட போடறானுங்க.”

இதெல்லாம் தெரிந்த நான்தான் அன்று அந்த ஃபுட்ரெஸ்ட்டைக் கையில் எடுத்தேன்.

“பேரும் வரோணுங்களா?” என்று கேட்டேன்.

“பேருதானுங்க முக்கியம். எழுத்து பளிச்சுனு இருக்கோணும்.”

“அது அவங்க கம்பெனி பேருங்களே.”

“கம்பெனி எங்கீங்க இருக்குது? பேரு சும்மாதான கெடந்துச்சு. நான் ரெஜிஸ்டர் பண்ணிப்போட்டேன்.”

காகிதத்தைக் காட்டச் சொல்லவில்லை. எங்கள் முதலாளி உள்ளே இருந்து எட்டிப் பார்த்து, “செஞ்சு குடுத்துரலாங்க” என்றார். அதோடு அது வேலையாகிவிட்டது. உண்மையைச் சொன்னால் எனக்குச் சங்கடமாகக்கூட இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு பொருள் என் மேஜைக்கு வந்துவிட்ட சந்தோஷம்தான் இருந்தது. அண்ணனின் பட்டியலில் பதினாலாவது வரி ஃபுட்ரெஸ்ட்; அது இன்னும் டிக் ஆகவில்லை. ஆனாலும் வீட்டில் சொல்லவில்லை. வாடிக்கையாளர் வேலையை வெளியே பேசக்கூடாது என்பது ஆபீஸ் வழக்கம். அதைவிட, டூப்ளிகேட் என்றாலே அவர் முகம் போகும் போக்கும் எனக்குத் தெரியும்.

அந்த வரைபடத்தில் நான் மூன்று தவறுகள் செய்தேன்.

சாம்பிளாக வந்தது வலதுபக்கம் மட்டும். அதில் முன்னாலிருந்து மூன்றாவது பல் கொஞ்சம் உள்பக்கம் சாய்ந்திருந்தது. எப்போதோ கல்லில் அடிபட்டு மடங்கியதாக இருக்க வேண்டும். நான் அதை வடிவமைப்பு என்று நினைத்தேன். ஸ்கேனில் வந்தபடி அப்படியே வரைந்தேன். இடதுபக்கத்துக்கு அதையே கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிப் போட்டேன். அதனால் இரண்டு பக்கமும் மூன்றாவது பல் உள்நோக்கிச் சாய்ந்தது.

இரண்டாவது, பொருள். அசல், பழுக்கக் காய்ச்சி அடித்து உருவாக்கிய எஃகு. ஸ்கேனர் வடிவத்தைத்தான் சொல்லும். எப்படிச் செய்தார்கள் என்று சொல்லாது. அதை நான் கேட்டிருக்க வேண்டும். வெள்ளைச் சட்டைக்காரர் “ஊத்திக்கலாங்க” என்றார். பொருள் என்ற கட்டத்தில் ‘வாடிக்கையாளர் சொல்வதன்படி’ என்று எழுதினேன். எங்கள் ஆபீஸில் அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் அதைத்தான் எழுதுவோம்.

மூன்றாவது, எழுத்து. சாம்பிளில் அது தேய்ந்திருந்ததால், சனிக்கிழமை வீட்டுக்குப் போனபோது அண்ணனின் டேங்கைப் படம் எடுத்தேன். சாய்ந்த எழுத்துகள், அடியில் ஒரு கோடு, கோட்டின் வால் முடியும் இடத்தில் லேசாக மேலே வளைந்திருக்கும். எதற்கு என்று அண்ணன் கேட்கவில்லை. எனக்கும் வண்டிமேல் பிரியம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். தோளில் கிடந்த துண்டால் டேங்கைத் துடைத்தார். நிழல் விழுகிறது என்று வண்டியைத் தள்ளி வெயிலில் நிறுத்தினார்.

“இப்ப எடு. இப்பத்தான் அந்தச் செவப்பு தெரியும்.”

இருபது படம் எடுத்தேன். திங்கட்கிழமை அந்த எழுத்தையும் கோட்டையும் அப்படியே வரைபடத்தில் ஏற்றினேன். முதலாளி பார்த்துவிட்டு, நன்றாக வந்திருக்கிறது என்றார்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் போனது. இடையில் எத்தனையோ பாகங்கள் வந்து போயின. எனக்கு அது மறந்தேவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை அண்ணன் போன் செய்தார். “பதினாலுக்கு டிக் போட்டுக்க அம்மணி.”

“கெடச்சுருச்சுங்களா?”

“ஜோடியா. பழைய ஸ்டாக்காமா. வடக்க ஏதோ குடோன்ல பிரிக்காம கெடந்துச்சாமா. நாளைக்கு வந்து பாரு.”

சனிக்கிழமை மதியம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது கட்டிலின்மேல் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் இரண்டையும் வைத்திருந்தார். பக்கத்தில் அவை வந்த மெழுகுக் காகிதம், மஞ்சளாக, மடிப்பு மடிப்பாக. அது டீத்தண்ணீரில் நனைத்துக் காயவைத்த மஞ்சள் என்பது இப்போது எனக்குத் தெரியும். நங்கை, அதாவது அண்ணனின் மனைவி, கதவோரம் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

“நீயே கேளு அம்மணி. எனக்குக் கொலுசு எடுத்துக் குடுக்கையில இந்த மூஞ்சில ஒரு சிரிப்பு வந்துருக்குதா? இந்த இரும்பத் தலமாட்டுல வெச்சுட்டுத் தூங்கறாரு உங்கண்ணன்.”

“கொலுசு எந்தக் கடையிலயும் கெடைக்குமாத்தா,” என்றார் அண்ணன். “நீ இங்க வா அம்மணி. இதப் பாரு.”

நான் பார்த்தேன். வலது, மூன்றாவது பல் உள்பக்கம் சாய்ந்திருந்தது. இடது, மூன்றாவது பல் உள்பக்கம் சாய்ந்திருந்தது.

“நானும் கண்ண மூடிட்டு வாங்கலை. நம்ம டேங்க் பேரோட வெச்சுப் பாத்தேன்.” இரண்டையும் எடுத்துக்கொண்டு முற்றத்தில் நின்ற வண்டிக்கு என்னை அழைத்துப்போனார். டேங்கின்மேல் ஒன்றைப் பிடித்துக் காட்டினார். “எழுத்து பொருந்துதா? கோட்டப் பாரு. அந்த வாலு மேல வளையறதப் பாரு. டூப்ளிகேட் போடறவனுக்கு இதெல்லாம் எங்க தெரியும்? நேரா இழுத்துட்டுப் போயிருவான்.”

நான் ஒன்றை வாங்கி, கீழே கிடந்த ஸ்பேனரால் லேசாகத் தட்டினேன். அடித்துச் செய்த எஃகு என்றால் மணிபோலக் கணீரென்று கேட்கும். இது கட்டைபோலச் சத்தம் கொடுத்தது.

“அண்ணா, இத நான் ஆபீசுக்கு எடுத்துட்டுப் போயி ஒருக்கா டெஸ்ட் பண்ணிட்டு வரட்டுங்களா?”

“ஒரிஜினலுக்கு எதுக்குடா கண்ணு டெஸ்ட்டு? நாளைக்கு வண்டிய எறக்கறேன்.”

நகரத்துக்கு வெளியே ஒரு மண் டிராக்கில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அந்த ஞாயிற்றுக்கிழமை கூடுவதாக இருந்தது. பந்தயம் இல்லை; ஆளுக்கு மூன்று சுற்று. மூன்று வருடமாக அவர் காத்திருந்த நாள். அவர் ஏற்கெனவே டேங்கையும் ஃபுட்ரெஸ்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, பழைய வண்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். ‘அசல். டேங்கோடு பொருத்திப் பாருங்கள்.’ அதற்குக் கீழே கைகூப்புகளும் கட்டைவிரல்களும் வந்துகொண்டிருந்தன.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று பிறகு எத்தனையோ தடவை எழுதிப் பார்த்திருக்கிறேன். அவர் முகம் ஒரு காரணம். நங்கை பக்கத்தில் இருந்தது ஒரு காரணம். சோதனை செய்யாமல் எதையும் சொல்லக்கூடாது என்று படிப்பு கொடுத்த பழக்கம் இன்னொன்று. இவை எல்லாவற்றையும் அடித்துவிட்டால் மிச்சம் ஒன்றுதான் இருக்கிறது. அந்தக் கோட்டின் வால் எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்பார். பதில் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது.

ஞாயிறு காலையில் பாதி சொன்னேன். “பழைய இரும்புங்கண்ணா, பலம் கொறஞ்சிருக்கும். உக்காந்தே ஓட்டுங்க. மேட்டுல எல்லாம் ஏத்தாதீங்க.”

“சரீங்க எஞ்சினியரம்மா,” என்று கும்பிட்டுக்காட்டினார்.

முதல் சுற்று உட்கார்ந்துதான் ஓட்டினார். என்னைக் கடக்கும்போது கையைத் தூக்கிக் காட்டினார். இரண்டாவது சுற்றில் அந்த எஞ்சினின் சத்தம் மாறியது. கூட்டத்தில் சிலர் விசில் அடித்தார்கள். அவர் எழுந்து நின்றார். மேடு பெரியது இல்லை, என் இடுப்பு உயரம் இருக்கும். வண்டி எழும்பி இறங்கியது. வலதுபக்கம் அவர் கால் இருந்த இடத்தில் கால் இல்லை. கீழே மண்ணில் இருந்தது. அதன்மேல் வண்டி வந்தது.

அவரைத் தூக்கி வேனில் ஏற்றும்போது நான் உடைந்த துண்டைத் தேடிக்கொண்டிருந்தேன். இதை நங்கை இன்றுவரை கேட்டதில்லை, ஆனால் பார்த்தார். துண்டு வேலியோரம் கிடைத்தது. உடைந்த முகம் சாம்பல் நிறத்தில், உடைத்த வெல்லக்கட்டிபோல மணல் மணலாக இருந்தது. எஃகு அப்படி உடையாது. அதற்கு வளையத் தெரியும், இழுபடத் தெரியும். இது வார்ப்பு, ஒரே அடியில் போயிருந்தது.

வலது கணுக்கால். ஒரு பிளேட், ஏழு ஸ்குரூ. எலும்பு சேர்ந்துவிடும், ஆனால் மூட்டு பழையபடி மடங்குமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். நங்கை அவரிடம், “லாரி ஓட்டலாமுங்களா?” என்று மட்டும் கேட்டார். டாக்டர், “இப்போதைக்கு அத நெனைக்க வேண்டாம்மா” என்றார்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் நங்கை கேன்டீனுக்குப் போயிருந்தபோது அண்ணனிடம் சொன்னேன். வரிசையாகச் சொன்னேன்: வெள்ளைச் சட்டைக்காரர், பனியன் வேஸ்ட் துணி, மூன்றாவது பல், பொருள் கட்டத்தில் எழுதியது, டேங்க் எழுத்து, சனிக்கிழமையே தெரிந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. முந்தின இரண்டு நாளும் நான் அந்த வண்டியின் பழைய படங்களையெல்லாம் தேடிப் பார்த்திருந்தேன். எந்த டேங்கிலும் கோட்டின் வால் மேலே வளையவில்லை. எல்லாவற்றிலும் நேராகப் போய் முடிந்தது. எஸ்டேட்டில் யாரோ ஒரு பெயின்டர் டேங்கைத் திரும்ப அடித்தபோது தன் கைக்கு வந்தபடி ஒரு வளைவு கொடுத்திருக்கிறார். அண்ணன் அளவுகோலாக வைத்திருந்ததே அசல் இல்லை.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன்.

“அந்த வண்டிய வெய்யில்ல நகத்தி வெச்சது நாந்தான,” என்றார்.

பிறகு கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

“எத்தன ஜோடி ஊத்துனாங்க?”

“தெரியலீங்கண்ணா.”

“கேளு.”

வராந்தாவுக்குப் போய் வெள்ளைச் சட்டைக்காரருக்குப் போன் செய்து, நடந்ததையும் பல் விஷயத்தையும் சொன்னேன். அவர் குரல் முன்பைப் போலவே மெதுவாக, மரியாதையாக இருந்தது.

“அடடா, இப்ப எப்படி இருக்காருங்க? நல்லாப் பாத்துக்கங்க. ஆனா ஒண்ணுங்க அம்மணி, ஓட்டறதுக்குன்னு நான் யாருகிட்டயும் சொல்லி விக்கலீங்களே. பெட்டியில ஷோவுக்குன்னு போட்டிருக்குதுங்க. சின்ன எழுத்து, அவரு பாத்திருக்கமாட்டாரு. டிராயிங்கும் நீங்கதானுங்க போட்டீங்க. பல்லு சாஞ்சிருக்குதுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா நிமித்திருப்பனுங்களே.”

எத்தனை ஜோடி என்பதற்கு, “அது ஏஜென்ட்டுக எடுத்துட்டுப் போயிட்டாங்க. கணக்கு நான் வெச்சுக்கறதில்லீங்க” என்றார். அதன் பிறகு அவர் என் போனை எடுக்கவில்லை. பேர் அவருடையது என்று காட்ட அவரிடம் காகிதம் இருந்ததா என்பதும் எனக்குக் கடைசிவரை தெரியாது. ஆபீஸில் முதலாளியிடம் சொன்னபோது, பொருள் கட்டத்தில் நாம் எந்த உலோகத்தின் பெயரையும் எழுதவில்லை, அதனால் நம்மேல் வராது என்றார். அவர் சொன்னது சரிதான். அன்று சாயங்காலம்வரை என்னால் வேலை செய்ய முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து அண்ணன் ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கினார். லாரிக்கு ஒரு டிரைவர் போட்டோம். முதல் நாள் காலையில் அண்ணனும் கூடப் போனார். தன் லாரியில் இடதுபக்கம் ஏறி உட்கார அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு போவதையே நிறுத்திவிட்டார். மண்டியில் எல்லோரும் காலைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று காரணம் சொன்னார். நங்கையிடமும் சொந்தக்காரர்களிடமும், தானே வேகமாக ஓட்டி விழுந்ததாகச் சொல்லியிருந்தார். நான் மறுக்கப் போனபோதெல்லாம், “நீ உள்ள போ” என்பார்.

என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: குழுவில் போட வேண்டும் என்றார். படம் அவர் எடுத்தார், வாசகம் நான் எழுதினேன். உடைந்த முகம், இரண்டு பக்கமும் சாய்ந்திருந்த மூன்றாவது பல், கோட்டின் வால். கூடவே டேங்கின் படம். ‘இந்த டேங்க் திரும்பப் பெயின்ட் அடித்தது. அசல் என்று நான் முன்பு போட்டது தவறு. இந்த வால் இருக்கும் ஃபுட்ரெஸ்ட் எதுவும் அசல் இல்லை. அதன்மேல் நிற்காதீர்கள்.’ அனுப்பும் முன் அவர் அந்த டேங்க் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அனுப்பினார்.

நலம் விசாரித்துப் பலர் எழுதினார்கள். பாலக்காட்டுக்காரர் ஒருவர் மட்டும் வேறு மாதிரி எழுதினார். தன் வண்டியில் இருக்கும் ஜோடி அசல்தான் என்றும், அண்ணன் முன்பு போட்ட படத்தோடு வால் வரை பொருத்திப் பார்த்துத்தான் வாங்கியதாகவும், ஒன்று உடைந்ததற்காக எல்லாவற்றையும் போலி என்று சொல்லக்கூடாது என்றும். அடுத்த ஞாயிறு காட்டுப் பாதையில் ஓட்டப் போகிறாராம்.

அண்ணன் அவருக்குத் தனியாக எழுதினார். பதில் இல்லை. போன் செய்தார், அவர் பேசிவிட்டு வைத்துவிட்டார்.

“என்ன சொன்னாருங்க?”

“என்ற படத்தப் பாத்துத்தான் வாங்குனாராமா.” அண்ணன் ஊன்றுகோலை எடுத்தார். “கார் யார்கிட்டயாச்சும் கேளு. போயிட்டு வந்தரலாம்.”

“நான் மட்டும் போயிட்டு வாரேண்ணா. அவ்வளவு தூரம் கால மடக்கி உக்காரோணும்.”

“கால அவரு பாக்கோணும்.”

நங்கையின் தம்பியுடைய காரை இரவல் வாங்கி நான் ஓட்டினேன். அண்ணன் சீட்டைப் பின்னால் தள்ளிக் காலை நீட்டிக்கொண்டார். வழியில் அவர் பேசியது, எந்த லாரியை எங்கே முந்த வேண்டும் என்பதைப் பற்றி மட்டும்தான்.

பாலக்காட்டுக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். வீட்டுப் பக்கவாட்டில் தகரக் கூரைக்குக் கீழே வண்டி நின்றது. எங்களுடையதைவிட நன்றாக வைத்திருந்தார். நன்றாகத் தமிழ் பேசினார், இழுத்து இழுத்து. நாங்கள் வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அண்ணனின் ஊன்றுகோலைப் பார்த்ததும் நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

“அன்னிக்கு அசலுன்னு படம் போட்டது நீங்க. இன்னிக்குப் போலின்னு சொல்றதும் நீங்க. நான் எதை நம்பட்டும்?”

அண்ணன் உடைந்த துண்டை எடுத்துக் கொடுத்தார். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அண்ணன் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக் காட்டினார். அதையும் பார்த்தார்.

“கஷ்டம்தான். ஆனா உங்களுக்குக் கெடைச்சது ஒண்ணு மோசமா இருக்கலாமே. என்னோடது எத்தனை தடவை ஓட்டியாச்சு, தெரியுமோ?”

அண்ணன் என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு அம்மணி.”

காரில் வரும்போது நான் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவர் வேறு எதற்கு என்னை அழைத்துவந்திருக்க முடியும் என்று அந்த நொடியில் புரிந்தது.

நான் பாலக்காட்டுக்காரரை வண்டிக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். “வலதுபக்கம் முன்னாலிருந்து மூணாவது பல்லப் பாருங்க. உள்ளுக்குச் சாஞ்சிருக்குதுங்களா?”

குனிந்து பார்த்தார். “ஆமா.”

“இப்ப அந்தப் பக்கம்.”

சுற்றிப் போய் உட்கார்ந்தார். விரலால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டு எண்ணினார். மூன்றில் விரல் நின்றது.

“ரெண்டும் ஒரே மாதிரி அடிபடாதுங்க. சாம்பிள் ஒண்ணுதான் வந்துச்சு. அதுல மடங்கியிருந்த பல்ல, அதுதான் டிசைன்னு நெனச்சுத் திருப்பிப் போட்டிருக்குது.”

“இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“வரைஞ்சது நானுங்க.”

அவர் எழுந்திருக்கவில்லை. வண்டியின் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்தபடி, டேங்குக்கு மேலாக முதலில் என்னைப் பார்த்தார், பிறகு அண்ணனின் காலை, பிறகு மறுபடி என்னை.

“உங்க தங்கச்சியா?” என்று அண்ணனைக் கேட்டார்.

“ஆமாங்க. கூடப் பொறந்தவ.”

அவர் உள்ளே போய் ஸ்பேனர் கொண்டுவந்தார். அவர் மனைவி டீ கொடுத்தார். நாங்கள் குடித்து முடிப்பதற்குள் இரண்டையும் கழற்றிவிட்டார். கழற்றியதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார். அண்ணன் கையை நீட்டினார்.

திரும்பி வரும்போது அண்ணன் அந்த ஜோடியை மடியில் வைத்திருந்தார். பின்சீட்டில் போடலாம் என்றேன். பரவாயில்லை என்றார். வாளையார் செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசையாக நின்றதால் வண்டி நகரவில்லை. அவர் பக்கத்து லாரியின் டிரைவரைப் பார்த்து, பார்வையை எடுத்துக்கொண்டார்.

“இது ஒரு ஜோடி,” என்றார்.

மிச்சம் எத்தனை என்று அவர் கேட்கவில்லை. எனக்குத் தெரியாது என்று அவருக்குத் தெரியும். முன்னால் நின்ற லாரி நகர்ந்தது. நான் கிளட்சை மிதித்து கியர் போட்டேன். அவருடைய வலது பாதம், பெடல் எதுவும் இல்லாத இடத்தில், மெதுவாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்தது. கணுக்கால் பாதிதான் மடங்கியது.